ஒரு சோடி ஷூவும் ஒரு பொருளியல் பாடமும்

குப்பனூர் வழியாக ஏற்காடு ஏறும் மலைச்சாலையில் நடப்பவருக்கு வழுக்காத அடிப்பாகம்தான் முதல் தேவை. ஆனால், 'எந்த ஷூ வேண்டும்?' என்று ஒன்பதாம் வகுப்பில் கேட்டுப் பாருங்கள். முதலில் வருவது நிறுவனத்தின் பெயர். இதைக் கண்டிப்பதைவிடப் பாடமாக்குவது எளிது.

ஜெர்மனியின் ஒரு சிற்றூரில் ஒன்றாகக் காலணி செய்த டாஸ்லர் சகோதரர்கள் பிணங்கிப் பிரிந்தனர். அண்ணன் 1948இல் பூமாவையும் தம்பி 1949இல் அடிடாஸையும் தொடங்கினர். ஒரே ஊர், ஒரே தொழிலறிவு. பார்த்தவுடன் பிரித்துக் காட்டியது பக்கவாட்டுக் கோடுதான். இதைத்தான் பொருளியல் 'பண்ட வேறுபாடு' என்கிறது. ஏறத்தாழ ஒன்றுபோன்ற பொருள்களுக்கிடையே வேறுபாட்டை உண்டாக்க விளம்பரச் செலவு பெருகும் என்பதை 1933இலேயே சேம்பர்லின் விளக்கினார்.

நைக்கி ஷூக்கள் நம் செய்யாறு சிப்காட்டில், தைவான் குழுமத்தின் தொழிற்சாலையில் தயாராகின்றன. நைக்கியின் வேலை பெரும்பாலும் வடிவமைப்பும் விற்பனையும். ஆகவே, விலைச்சீட்டில் தையற்கூலியுடன் விளம்பரம், கடை வாடகை, வரி, இலாபம் எல்லாம் அடங்கும்.

வகுப்பில் இரண்டு விலைகளை எழுதுங்கள்: ரூ.3,000, ரூ.800. மிச்சமாகும் ரூ.2,200க்கு வீட்டில் வேறென்ன வாங்கலாம் என்று மாணவர்களே பட்டியலிடட்டும். விட்டுக்கொடுத்தவற்றுள் சிறந்ததே வாய்ப்புச் செலவு. பெயருக்காக வாங்குபவரை முட்டாள் என்று சொல்லிவிடாதீர்கள்; நண்பர்களிடையே கிடைக்கும் மதிப்பும் அவருக்கு ஒரு பயன்பாடே. அரசின் விலையில்லாக் காலணியில் தெரிவு இல்லை. வகுப்பில் ஒப்பீட்டுக்கும் இடமில்லை. எது நல்லது என்று மாணவர்கள் வாதிடட்டும்.