பம்புசெட்டின் மின் செலவு: சென்ற ஆண்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி?

புதுக்கோட்டை மாவட்டம் குளத்தூர் வட்டத்திலுள்ள நார்த்தாமலைப் பகுதி பாறைக் குன்றுகள் நிறைந்த பூமியாகும். இங்கு நிலத்தடி நீர், பாறைக்கு மேலுள்ள சிதைந்த அடுக்கிலும் பாறையின் வெடிப்புகளிலும் மட்டுமே தங்குகிறது. வடகிழக்குப் பருவமழையில் நிரம்பும் கிணறு, பங்குனி, சித்திரையில் அடி காண்கிறது. கார்த்திகையில் கிணற்றைப் பார்த்துப் பயிர் வைத்துவிட்டு, காய் பிடிக்கும் சமயத்தில் தண்ணீரின்றித் தவிக்கும் நிலை பல விவசாயிகளுக்கு நேருகிறது. இதனை முன்கூட்டியே அறிய, பம்புசெட் செலவழிக்கும் மின்சாரத்தைக் கணக்கு வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பது ஓர் எளிய வழியாகும்.

இலவச மின்சாரத்திற்குக் கணக்கு எதற்கு?

தமிழகத்தில் 1990 முதல் எல்லா விவசாயிகளின் பம்புசெட்டுகளுக்கும் மின்சாரம் இலவசமாக வழங்கப்படுகிறது. எனவே கணக்கு தேவையில்லை என்று பலர் எண்ணலாம். மின்சாரத்திற்குப் பணம் கட்டாவிட்டாலும், கிணற்றுத் தண்ணீருக்கும் மோட்டார் காயில் கட்டும் செலவுக்கும் விவசாயிதான் பொறுப்பு. கிணறும் மோட்டாரும் எந்த நிலையில் உள்ளன என்பதை மின் செலவு காட்டிக் கொடுத்துவிடும்.

மின் செலவைக் கணக்கிடும் முறை

மீட்டர் இல்லாத இணைப்பிலும் இதைக் கணக்கிடலாம். ஒரு குதிரைத்திறன் என்பது 0.746 கிலோவாட் ஆகும். 5 குதிரைத்திறன் மோட்டார் முழுச் சுமையில் ஓடும்போது, மோட்டாரில் ஏற்படும் இழப்பையும் சேர்த்து மணிக்குச் சுமார் 4½ யூனிட் செலவாகும். மோட்டார் ஓடிய மணிகளை இதனால் பெருக்கினால் செலவான யூனிட் தெரியும்.

அடுத்து, 200 லிட்டர் பேரல் ஒன்றைக் குழாயின் வாயில் வைத்து, அது நிரம்ப எத்தனை விநாடி ஆகிறது என்று பார்க்கவும். மோட்டார் ஓடத் தொடங்கி ஒரு மணி நேரம் கழித்தே இதை அளக்க வேண்டும். ஒரு ஏக்கரில் 2 அங்குல உயரத்திற்கு நீர் பாய்ச்ச ஏறத்தாழ 2 லட்சம் லிட்டர், அதாவது 1,000 பேரல் தண்ணீர் தேவை. பேரல் 20 விநாடியில் நிரம்பினால் 20,000 விநாடி, அதாவது 5 மணி 33 நிமிடம் ஓட்ட வேண்டும். செலவு 25 யூனிட். 30 விநாடி ஆனால் 8 மணி 20 நிமிடமும் 37½ யூனிட்டும் ஆகும்.

தண்ணீர் மட்டம் 60 அடியிலிருந்து 90 அடிக்கு இறங்கினாலே ஏறத்தாழ இந்த அளவுக்குச் செலவு கூடும்.

எதை எதனோடு ஒப்பிடுவது?

தை மாதச் செலவைப் பங்குனியோடு ஒப்பிடுவது சரியாகாது. கோடையில் மட்டம் இறங்குவதும் செலவு கூடுவதும் இயல்பே. தையைச் சென்ற ஆண்டின் தையோடும், பங்குனியைச் சென்ற ஆண்டின் பங்குனியோடும் ஒப்பிட வேண்டும். மொத்த யூனிட்டையும் ஒப்பிடலாகாது. சென்ற ஆண்டு ஒரு ஏக்கரும் இவ்வாண்டு இரண்டு ஏக்கரும் பயிரிட்டிருந்தால் மொத்தம் கூடத்தான் செய்யும். ஒரு ஏக்கருக்கு ஒரு பாசனம் என்ற கணக்கே ஒப்பிடத்தக்கது.

வீட்டு மின் கணக்கிற்கும் இது பொருந்தும். 60 நாளில் 180 யூனிட்டும், 65 நாளில் 195 யூனிட்டும் ஒன்றே. இரண்டிலும் நாளொன்றுக்கு 3 யூனிட்தான் செலவாகியுள்ளது.

குறிப்பேடு

ஒவ்வொரு தமிழ் மாதமும் முதல் தேதியில் அளந்து, இரண்டு ஆண்டுகளையும் பக்கம் பக்கமாக எழுதி வரவும். முறையை விளக்க ஒரு மாதிரி:

மாதம் – பேரல் நிரம்பும் நேரம் – ஏக்கருக்கு யூனிட்
சென்ற ஆண்டு மார்கழி – 18 விநாடி – 22½
சென்ற ஆண்டு தை – 20 விநாடி – 25
சென்ற ஆண்டு மாசி – 24 விநாடி – 30
சென்ற ஆண்டு பங்குனி – 30 விநாடி – 37½
இவ்வாண்டு மார்கழி – 20 விநாடி – 25

சென்ற ஆண்டு தையில் இருந்த நிலையை இவ்வாண்டு மார்கழியிலேயே கிணறு எட்டிவிட்டது. பம்பில் குறை ஏதும் இல்லையெனில், கிணறு ஒரு மாதம் முந்திக்கொண்டு இறங்குகிறது என்று பொருள். மார்கழியில் விதைக்கும் நிலக்கடலை, மாசி, பங்குனியில் காய் முற்றும் பருவத்தில் இருக்கும். பூக்கும் பருவம், விழுது இறங்கும் பருவம், காய் பிடிக்கும் பருவம் ஆகியவற்றில் நீர் குறைந்தால் மகசூல் பெரிதும் பாதிக்கப்படும். ஆகவே நிலக்கடலையின் பரப்பைக் குறைத்து, மீதி நிலத்தில் குறைந்த நாளில் விளையும் உளுந்து பயிரிடுவது நலம். இதே மாவட்டத்தில் வம்பனிலுள்ள தேசிய பயறு வகைகள் ஆராய்ச்சி மையம் வெளியிட்ட வம்பன் 8 உளுந்து 65 முதல் 70 நாளில் அறுவடைக்கு வரும்.

செலவு கூடினால் காரணம் காண்பது

தண்ணீர் மட்டத்தையும் பேனல் போர்டிலுள்ள அம்மீட்டர், வோல்ட் மீட்டர் அளவுகளையும் உடன் குறித்து வந்தால் காரணம் எளிதில் விளங்கும்.

1. மட்டமும் இறங்கி, பேரல் நிரம்பும் நேரமும் கூடினால், கிணற்றில் நீர் குறைந்துள்ளது. பாசனப் பரப்பைக் குறைக்க வேண்டும்.

2. மட்டம் அப்படியே இருந்து நேரம் மட்டும் கூடினால், இம்பெல்லர் தேய்ந்திருக்கலாம். குழாயில் கசிவோ, ஃபுட் வால்வில் அடைப்போ இருக்கலாம். கிணற்றை ஆழப்படுத்தச் செலவு செய்யுமுன் பம்பைச் சோதிக்கவும்.

3. பேரல் நிரம்பும் நேரம் மாறாமல் ஆம்பியர் கூடினால், முதலில் வோல்டேஜைப் பார்க்கவும். அது சரியாக இருந்தால் பேரிங்கைக் கவனிக்கவும். கவனிக்காமல் விட்டால் காயில் எரிந்துவிடும்.

4. மற்றவை மாறாமல் ஓட்டும் மணி மட்டும் கூடினால், நீர் வாய்க்காலில் வீணாகிறது அல்லது தேவைக்கு மேல் பாய்ச்சப்படுகிறது.

கவனிக்க வேண்டியவை

திறந்த வெளிக் கிணற்றில் கயிற்றில் கல் கட்டி மட்டத்தை அளக்கலாம். ஆழ்துளைக் கிணற்றில் கயிறு விட்டால் கேபிளில் சிக்கிக்கொள்ளும்; அங்கே பேரல் கணக்கே போதுமானது. மின்சாரம் இருக்கும்போது பேனல் போர்டைத் திறக்கலாகாது.

இதற்குத் தேவை ஒரு நோட்டுப் புத்தகமும், ஒரு பேரலும், ஒரு கைக்கடிகாரமும் மட்டுமே. கைபேசியில் கணக்கு எழுதத் தெரிந்த பிள்ளைகள் வீட்டிலிருந்தால் அதிலும் பதிந்து வரலாம். முதல் ஆண்டில் ஒப்பிட ஒன்றும் இராது. ஆனால் அந்த ஆண்டு எழுதி வைத்தால்தான் அடுத்த மார்கழியில் விதைக்குமுன், கிணறு எத்தனை ஏக்கரைத் தாங்கும் என்று தெரிந்து முடிவு செய்ய இயலும். ஆகவே விவசாயப் பெருமக்கள் வரும் மாத முதல் தேதியிலேயே இக்கணக்கைத் தொடங்கிப் பயனடையலாம்.