ஒரே ரிமோட்டுக்கு எல்லாக் கருவிகளும் கட்டுப்படுவது எப்படி?

டிவி, ஆம்ப்ளிஃபயர், ப்ளூரே பிளேயர், செட்டாப் பாக்ஸ் என நான்கு கருவிகளுக்கு நான்கு ரிமோட். அத்தனை வேலையையும் ஒரே யுனிவர்சல் ரிமோட் எப்படிச் செய்கிறது?

பெரும்பாலான ரிமோட்டுகள் அனுப்புவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி. வெயிலிலும் குண்டு பல்பிலும்கூட அது உண்டு. அவற்றிலிருந்து பிரித்தறியத்தான் ரிமோட்டின் எல்இடி விநாடிக்குச் சுமார் 38,000 முறை துடிக்கிறது. அந்தத் துடிப்பை விட்டுவிட்டு அனுப்புவதில்தான் செய்தி இருக்கிறது. பரவலாகப் புழங்கும் என்இசி முறையில் முதலில் 9 மில்லிவிநாடித் துடிப்பு, 4.5 மில்லிவிநாடி இடைவெளி, பிறகு 32 பிட்டுகள். இடைவெளி குறுகினால் 0, நீண்டால் 1. முதல் பாதி கருவியின் முகவரி, மறுபாதி கட்டளை. பிழையைக் கண்டுபிடிக்க, இரண்டையும் 0, 1 இடம்மாற்றி இன்னொரு முறையும் அனுப்புகிறது. எவ்வளவு அழகான ஏற்பாடு! சோனியும் பிலிப்ஸும் வகுத்த முறைகள் வேறு.

யுனிவர்சல் ரிமோட்டின் நினைவகத்தில் இப்படிப் பல நிறுவனங்களின் குறிமுறைகள் பதிந்திருக்கும். கையேட்டில் உள்ள எண்ணை அழுத்தும்போது அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறோம். உங்கள் கருவி அதில் இல்லையென்றால், கற்கும் வசதி கொண்ட ரிமோட்டின் எதிரே பழைய ரிமோட்டை அழுத்துங்கள். துடிப்புகளின் நீளத்தை அளந்து வைத்துக்கொள்ளும்.

உண்மையான சிக்கல் பவர் பொத்தான். பல ரிமோட்டுகளில் ஆன், ஆஃப் இரண்டுக்கும் ஒரே கட்டளை. ஒரே அழுத்தில் எல்லாவற்றையும் இயக்கும்படி அமைத்தால், ஏற்கெனவே ஓடும் கருவி அணைந்துவிடும். ஆனுக்கும் ஆஃபுக்கும் தனித்தனிக் கட்டளைகளைச் சில கருவிகள் ஏற்கும், அசல் ரிமோட்டில் அதற்கான பொத்தான் இல்லாவிட்டாலும்கூட. அமைக்கும்போது முதலில் அவற்றைத் தேடுங்கள்.