கிளிக்குஞ்சுக்கு உணவும் உறவும்

கிளி வளர்ப்பது எமது வீடுகளுக்குப் புதிய விடயமல்ல. இலங்கையில் இயற்கையாக வாழும் கிளிகளில் ஐந்து வகைகள் உள்ளன. அவற்றுள் வடக்கு, கிழக்கில் நாம் அதிகம் காண்பது பச்சைக்கிளியாகும். ஷெல் வீச்சில் வட்டிழந்து நின்ற மொட்டைப் பனைகளின் பொந்துகள் இக்கிளிகளுக்கு வசதியான கூடுகளாயின. 2009 இல் யுத்தம் முடிந்து மக்கள் தமது காணிகளுக்குத் திரும்பியபோது பல வளவுகளில் கிளிகள் முன்னரே குடியிருந்தன. காற்றுக்கு அப்பனைகள் விழும்போது குஞ்சுகளும் விழுகின்றன. அவற்றைப் பிள்ளைகள் வீட்டுக்குத் தூக்கி வருகிறார்கள். அதன் பின்னர் அக்குஞ்சைப் பராமரிப்பது யார்? பெரும்பாலும் தாய்தான்.

வளர்க்க முன்னர் யோசிக்க வேண்டியவை

பொந்திலிருந்து குஞ்சை எடுத்து வளர்ப்பதை எவரும் ஊக்குவிக்கக் கூடாது. காட்டுப் பறவைகளைப் பாதுகாக்க 1937 ஆம் ஆண்டிலிருந்தே எமது நாட்டில் கட்டளைச் சட்டம் உள்ளது. பொந்துக்குள் பாம்பும் இருக்கலாம். மிதிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள காணிகளுக்குள் பிள்ளைகள் கிளி தேடிப் போவது உயிருக்கே ஆபத்தாகும்.

விழுந்த குஞ்சைக் கண்டால், மரம் நிற்குமாயின் திரும்பவும் பொந்தில் வைப்பதே சிறந்தது. மனிதக் கை பட்டால் தாய்க்கிளி ஒதுக்கிவிடும் என்பது தவறான நம்பிக்கை. மரமே விழுந்துவிட்டால், அல்லது குஞ்சு காயப்பட்டிருந்தால், வனசீவராசிகள் அலுவலகத்திலோ அரச மிருக வைத்தியரிடமோ ஆலோசனை பெறுங்கள்.

ஒன்றை மனதில் வைத்திருங்கள். நல்ல பராமரிப்புக் கிடைத்தால் கிளி 25 ஆண்டுகள் வரை, சில வேளை அதற்கு மேலும் வாழும். கையால் ஊட்டி வளர்த்த கிளிக்குத் தானாக இரை தேடத் தெரியாது. ஆகவே அலுத்துப்போன பின் திறந்து விடலாம் என்று நினைத்து அதை ஏற்கக் கூடாது.

ஊட்டும் முறை

இறகு முளைக்காத குஞ்சுக்கு முதலில் தேவை சூடு. கடதாசிப் பெட்டியில் பழைய பருத்தித் துணி விரித்து, வெந்நீர்ப் போத்தலைத் துணியால் சுற்றி ஒரு பக்கத்தில் வையுங்கள். குளிர்ந்துபோன குஞ்சுக்கு உணவு செமிக்காது. எனவே உடம்பு சூடான பின்னரே ஊட்ட வேண்டும்.

குஞ்சுகளுக்கென்று செல்லப்பிராணிக் கடைகளில் விற்கும் மாவே பொருத்தமானது. அது கிடைக்கும்வரை ஓரிரு நாட்களுக்கு, நன்றாக அவித்து மசித்த பயறும் அவித்த முட்டை மஞ்சட்கருவும் சுடுநீரில் கரைத்துக் கொடுக்கலாம். பசுப்பாலும் பாலில் ஊறிய பாணும் கொடுக்காதீர்கள். பறவைகளுக்குப் பால் செமிப்பதில்லை. திரிபோஷாவிலும் பால்மா உண்டு. அது உங்கள் பிள்ளைக்குரியது, அதைப் பிள்ளைக்கே கொடுங்கள்.

கரைசல் இளஞ்சூடாக இருக்க வேண்டும். குழந்தைக்குப் பால் பார்ப்பது போல மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரு துளி விட்டுப் பாருங்கள். கூடிய சூடு குஞ்சின் தீனிப்பையைச் சுட்டுவிடும். ஆறிப்போன உணவு உள்ளே தங்கிப் புளித்துவிடும்.

குஞ்சு தலையை ஆட்டிக் கேட்கும்போதே, சிறு கரண்டியாலோ ஊசி கழற்றிய சிரிஞ்சினாலோ மெதுவாக ஊட்ட வேண்டும். வாயைப் பலவந்தமாகத் திறந்து ஊற்றினால் உணவு மூச்சுக்குழாய்க்குள் சென்று குஞ்சு இறந்துவிடும். கழுத்தடியில் உள்ள தீனிப்பை மெதுவாகப் புடைத்ததும் நிறுத்துங்கள். அது வற்றிய பின்னரே அடுத்த உணவு. கண் திறக்காத குஞ்சுக்குப் பகலில் ஏறக்குறைய இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை ஊட்ட வேண்டும். இறகு முளைக்கும் பருவத்தில் நான்கு தடவை போதும். தீனிப்பை வற்றாமல் கல்லுப்போல் இருந்தால் உடனே மிருக வைத்தியரிடம் கொண்டு செல்லுங்கள்.

ஆறு, ஏழு வாரத்தில் குஞ்சு பறக்கத் தொடங்கும். அப்போது அவித்த சோளம், ஊறவைத்த பயறு, கொய்யா, பப்பாசி, கரட், கீரை என்று சிறிது சிறிதாகத் தட்டில் வைத்துப் பழக்குங்கள். மிளகாயின் உறைப்பைப் பறவைகள் உணர்வதில்லை, ஆகவே அதையும் கொடுக்கலாம். வெறும் சோறோ, சூரியகாந்தி விதை மாத்திரமோ போதாது. ஆனைக்கொய்யா, சொக்லேட், தேநீர், கோப்பி, உப்பிட்ட பண்டங்கள் கிளிக்கு நஞ்சாகலாம். விறகடுப்புப் புகை கிளியின் சுவாசத்தைப் பாதிக்கும் என்பதால் கூட்டைக் குசினிக்குள் வைக்க வேண்டாம்.

பழக்கும் முறை

கிளி கூட்டமாக வாழும் பிராணி. தனிமை அதற்கு நோயாகும். நாள் முழுவதும் தனியே அடைபட்ட கிளி தன் இறகைத் தானே பிடுங்கத் தொடங்கும். ஆகவே ஆட்கள் நடமாடும் விறாந்தையில், ஒரு பக்கம் சுவர் மறைவாக இருக்கக் கூட்டை வையுங்கள்.

முதல் நாட்களில் தொட வேண்டாம். அருகில் இருந்து மெதுவாகக் கதையுங்கள். பின்னர் கையில் பழத்துண்டை நீட்டுங்கள். அது வந்து எடுக்கும்வரை காத்திருங்கள். சில நாட்களின் பின் விரலை அதன் வயிற்றடியில் வைத்தால் தானாக ஏறும். ஒரு தடவைக்குப் பத்து நிமிடம், நாளுக்கு இரண்டு மூன்று தடவை போதும். இறகைச் சுருக்கி உடலை ஒடுக்கி நின்றால் அது பயந்திருக்கிறது என்று அர்த்தம். உடனே கையை எடுத்துவிடுங்கள். இறகைத் தளர்த்தி, ஒற்றைக் காலில் நின்று அலகை மெல்ல அரைத்தால் அது நிம்மதியாக இருக்கிறது. கடித்தால் அடிக்கவோ கத்தவோ கூடாது. ஒரு தடவை அடித்தால் பல வாரப் பழக்கம் வீணாகிவிடும்.

வெடிச்சத்தம் எம்மைப் போலவே கிளியையும் உலுப்பும். தீபாவளி, வருடப்பிறப்பு நாட்களில் கூட்டைத் துணியால் மூடி உள்ளறையில் வையுங்கள். இரவில் பத்து மணித்தியாலமாவது இருட்டும் அமைதியும் தேவை.

கிளியின் குரல் பிறப்பது நாக்கில் அல்ல, மூச்சுக்குழாயின் அடியிலுள்ள உறுப்பில். ஆகவே நாக்கைச் சுரண்டுவதால் வலி மாத்திரமே மிஞ்சும். அடிக்கடி அன்பாகச் சொல்லப்படும் சொல்லையே அது பிடித்துக்கொள்ளும். சில கிளிகள் கதைப்பதே இல்லை, அதற்காக அவற்றை ஒதுக்காதீர்கள்.

வேலையைப் பகிருங்கள்

வன்னியில் நான் சந்தித்த ஒரு குடும்பத்தில், கணவனை இழந்த தாய் கூலி வேலைக்குச் செல்பவர். மகன் கொண்டுவந்த குஞ்சுக்கு யார் ஊட்டுவது என்ற கேள்வி எழுந்தபோது அவர் வேலையைப் பிரித்துக் கொடுத்தார். காலையில் மகன், பகலில் அம்மம்மா, இரவில் மகள். யுத்தத்தில் மகனை இழந்த பின் பாயை விட்டு அதிகம் எழும்பாதிருந்தவர் அந்த அம்மம்மா. “என்னைக் கண்டதும் வாயைத் திறக்குது பிள்ளை, எப்பிடிப் படுத்துக் கிடக்கிறது?” என்று அவர் என்னிடம் கேட்டார்.

இதைக் கொண்டு கிளி மனக்காயத்துக்கு மருந்து என்று சொல்லிவிட முடியாது. உறக்கமின்றி, பேச்சின்றித் தவிப்பவர்களை வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்வது அவசியம். ஆனால் ஓர் உயிரைப் பராமரிக்கும் பொறுப்பு வீட்டில் பகிரப்படும்போது அது ஒருவருக்கும் பாரமாவதில்லை. ஊட்டுவதும் கூடு கழுவுவதும் பெண்பிள்ளையின் வேலை என்றில்லாமல் ஆண்பிள்ளைக்கும் பழக்குங்கள்.

சுகாதாரம்

கிளியின் எச்சத்தூளைச் சுவாசிப்பதால் மனிதருக்குக் கடும் காய்ச்சலும் நுரையீரல் நோயும் வரலாம். எச்சத்தை நீர் தெளித்து நனைத்த பின், மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு அகற்றி, கையைச் சவர்க்காரத்தால் கழுவுங்கள். கர்ப்பிணிகள் இவ்வேலையைச் செய்யக் கூடாது. வாயில் மென்ற உணவைக் கிளிக்குக் கொடுப்பதையும் நிறுத்த வேண்டும்.

சகோதரிகளே, பயந்த உயிர் எப்படி நம்பத் தொடங்குகிறது என்பது எமக்குத் தெரியாததல்ல. அதட்டியோ அவசரப்படுத்தியோ எவரும் எம்மை மீளக் கொண்டுவரவில்லை. தினமும் ஒரே நேரத்தில் வரும் உணவும், அடிக்காத கையும், பொறுமையான குரலும் போதும். இம்மூன்றையும் தர இயலுமானால் கிளியை வளருங்கள். இயலாதென்றால், முற்றத்து மரத்தடியில் ஒரு சிரட்டைத் தண்ணீர் வையுங்கள். சுதந்திரமான கிளிகளும் தாகத்துக்கு வரும்.