வேலையோடு வரும் வீடு

சர்வதேச மனித உரிமைச் சட்டத்தை அரசுகள் மட்டுமே வடிப்பதில்லை, ஏழை நாடுகளின் மக்கள் இயக்கங்களுக்கும் அதில் பங்குண்டு என்று நிறுவ முயன்ற அறிஞர்களுள் முக்கியமானவர், சென்னைப் பல்கலைக்கழகத்தில் சட்டப் பட்டம் பெற்ற பாலகிருஷ்ணன் ராஜகோபால். 1990களில் கம்போடியாவில் ஐ.நா. மனித உரிமை அலுவலகத்தில் பணியாற்றிய அவர், ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்று, எம்.ஐ.டி.யின் நகரத் திட்டமிடல் துறையில் சட்டப் பேராசிரியரானார். 2003-இல் வெளிவந்த 'இன்டர்நேஷனல் லா ஃப்ரம் பிலோ' என்ற அவரது நூலில், ஜெயா அருணாசலம் 1978-இல் சென்னையில் தொடங்கிய 'ஒர்க்கிங் விமன்ஸ் ஃபோரம்' பற்றித் தனி அத்தியாயமே இருக்கிறது. சிறு வியாபாரம் செய்து பிழைத்த பெண்களின் அமைப்பு சர்வதேசச் சட்ட நூலொன்றில் அவ்வளவு இடம் பெற்றது அத்துறையில் அபூர்வம்.

2020-இல் ஐ.நா. மனித உரிமை மன்றம் அவரைப் போதிய உறைவிட உரிமைக்கான சிறப்பு அறிக்கையாளராக நியமித்தது. ஊதியம் இல்லாத இப்பொறுப்பில் இருப்பவர் நாடுகளை ஆய்ந்து அறிக்கை தரலாம், அரசுகளிடம் விளக்கம் கேட்கலாம்; தண்டிக்க முடியாது. அவர் கையிலுள்ள அளவுகோல், இந்தியா 1979-இல் இணைந்த பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளுக்கான உடன்படிக்கை. அதன் 11-ஆம் பிரிவு கூறும் உறைவிடம் வெறும் கூரையன்று. வெளியேற்றத்திலிருந்து பாதுகாப்பு, குடிநீர் முதலிய வசதிகள், தாங்கக்கூடிய செலவு, வாழத்தக்க நிலை, அனைவருக்கும் எட்டுதல், பொருத்தமான இடம், பண்பாட்டுக்கு இசைவு ஆகிய ஏழும் அதில் அடங்கும் என 1991-இல் ஐ.நா. குழு விளக்கியது.

இந்த ஏழையும் பொருத்திப் பார்க்க வல்லம் வடகால் தொழிலாளர் குடியிருப்பைப் போன்ற இடம் தமிழகத்தில் அரிது. ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் ஐபோன் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான் தொழிற்சாலையின் பெண்கள், விடுதி உணவால் சிலர் நோயுற்றதையடுத்து 2021 டிசம்பரில் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்தார்கள். அந்நிறுவனத்தின் பெண் தொழிலாளர்கள் 18,720 பேர் தங்குவதற்காக, சுமார் 706 கோடி ரூபாயில் வல்லம் வடகாலில் அரசு நிறுவனமான சிப்காட் கட்டிய அக்குடியிருப்பை, 2024 ஆகஸ்ட் 17 அன்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் திறந்து வைத்தார்.

வெளியூரிலிருந்து வரும் இளம்பெண்ணுக்குப் பாதுகாப்பான அறையும் தண்ணீரும் கிடைப்பது பெரிய முன்னேற்றம். அதைக் குறைத்துச் சொல்வது நியாயமாகாது. ஆனால் ஏழில் முதலாவதான வெளியேற்றத்திலிருந்து பாதுகாப்புதான் இங்கு கடினமானது. வேலையோடு வரும் அறை, வேலை போகும்போது என்னவாகும்? தொழிலாளருக்கு முதலாளியே நேரடியாக வீடு தருவது பொதுவாக விரும்பத்தக்கதன்று என்றும், தவிர்க்க முடியாமல் தரும்போது சங்கம் சேரும் சுதந்திரம் உள்ளிட்ட அடிப்படை உரிமைகளை ஏற்க வேண்டும் என்றும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1961-ஆம் ஆண்டுப் பரிந்துரை கூறுகிறது. வல்லம் வடகாலில் கட்டியது அரசு நிறுவனம், தங்குவோர் ஒரே கம்பெனியின் தொழிலாளர்கள் என்பதால், அப்பரிந்துரை இங்கு எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதே ஆராயத்தக்க சட்டக் கேள்வி. சென்னை அம்பேத்கர் சட்டக் கல்லூரி 2018-இல் இடம்பெயர்ந்த புதுப்பாக்கத்திலிருந்தோ பட்டரைப்பெரும்புதூரிலிருந்தோ ஒரு முதுநிலை மாணவர் பேருந்தேறிச் சென்று, அங்கு வசிக்கும் பெண்களையே கேட்டு எழுதக்கூடிய ஆய்வு அது.