பேஸ்பால் மெஷினும் அதன் ஓடும் பொம்மைகளும்

பேஸ்பால் ஆட்டம் எனக்கு ஒழுங்கா விளங்கினது ஒரு பழைய மெஷின் எப்படி வேலை செய்யுதுன்னு படிச்சபோதுதான். சொன்னா சிரிப்பீங்க.

அமெரிக்காவில் காசு போட்டு ஆடும் ‘பிட்ச் அண்ட் பேட்’ மெஷின்கள் பற்றிக் கொஞ்ச நாளாகக் குறிப்பு எடுத்துக்கொண்டிருக்கிறேன். பெரும்பாலும் சிகாகோ சரக்கு. ராக்-ஓலா கம்பெனி 1937-லேயே ‘வேர்ல்ட் சீரிஸ்’ என்று ஒன்றைக் கொண்டுவந்தது. ஐம்பது, அறுபதுகளில் வில்லியம்ஸ், சிகாகோ காயின் போன்ற கம்பெனிகள் வரிசையாகச் செய்து தள்ளின. இன்றைக்கு இவற்றைத் தேடி வாங்கி, சரிசெய்து, வீட்டில் வைத்து ஆடுகிற ஒரு கூட்டமே இருக்கிறது.

ஒரு பட்டனை அழுத்தினால் இரும்புக் குண்டு உருண்டு வரும். இன்னொரு பட்டனுக்கு பேட் சுழலும். குண்டு எந்தக் குழியில் விழுகிறதோ அதற்கேற்ப சிங்கிள், டபுள், ஹோம் ரன், இல்லேன்னா அவுட். இதுவரை எளிது.

சிக்கல் இனிமேதான். கிரிக்கெட்டில் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஓடினால் ரன். பேஸ்பாலில் நாலு மூலையையும் சுற்றி வந்தால்தான் ஒரு ரன். அதனால் யார் எந்த மூலையில் நிற்கிறார் என்பதை மெஷின் ஞாபகம் வைத்திருக்கணும். உள்ளே சிப் கிடையாது, மெமரி கிடையாது. அப்புறம் எப்படி?

பொம்மைகளே ஞாபகம்! பல மாடல்களில் கண்ணாடிக்குப் பின்னால் சுழலும் ஒரு அமைப்பில் சின்ன ஆட்கள் இருப்பார்கள். அடி விழுந்ததும் ஒரு ஆள் எழுந்து நிற்பான். மோட்டார் சுழன்று, சிங்கிளுக்கு ஒரு மூலை, டபுளுக்கு இரண்டு மூலை என்று எல்லாரையும் நகர்த்தும். ஒருவன் வீடு திரும்பினால் ஒரு ஸ்விட்ச் தொடும், ரன் ஏறும். மூணு அவுட் ஆனால் எல்லாரும் படுத்துவிடுவார்கள். இதை ‘ரன்னிங் மேன் யூனிட்’ என்கிறார்கள்.

அதனால்தான் பழுதும் அங்கேயே வருகிறது. பல வருஷத்துக் கிரீஸ் இறுகிப்போய், ஓடுகிறவன் இரண்டாவது மூலைக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் நின்றுவிடுவான். உடனே டபிள்யூடி-40 அடிப்பாங்க. ரெண்டு நாள் ஓடும். அப்புறம் அந்தப் படலத்தில் தூசி ஒட்டி, முன்பைவிட மோசம். கழற்றி, ஆல்கஹால் போட்டுத் துடைத்து, வேண்டிய இடத்தில் மட்டும் துளி எண்ணெய் வைப்பதுதான் வழி.

பழைய புல்லட்டில் பிளாட்டினம் பாயின்ட் உரசினவர்களுக்கு அடுத்த வேலை புரியும். ரிலே பாயின்ட்களில் பெரும்பாலும் வெள்ளி. உப்புத்தாள் போட்டால் வெள்ளி போய்விடும். மெல்லிய அரத்தால் இரண்டு இழுப்பு போதும். பல நேரம் உரசவே வேண்டாம், இடைவெளியைச் சரிபண்ணினாலே போதும். ஃபியூஸ் அடிக்கடி போகுதுன்னு கம்பி சுற்றி வைக்கிற நம்ம ஊர்ப் பழக்கம் அங்கேயும் உண்டு. அப்படிப்பட்ட மெஷினைத் திறந்தால் கருகிய காயில்கள் இருக்கும்.

காயில், பாயின்ட் எல்லாம் மாற்றிக்கொள்ளலாம். மாற்ற முடியாதது முகப்புக் கண்ணாடி. அதில் ஓவியம் பின்பக்கமாக அச்சிடப்பட்டது. உள்ளிருக்கும் பல்புகளின் சூட்டில் பெயின்ட் செதில் செதிலாகத் தூக்கும். கண்ணாடி அழுக்கா இருக்கேன்னு உள்பக்கம் ஈரத்துணி போட்டால் ஆட்டக்காரன் முகம் துணியோடு வந்துவிடும். எங்க வீட்டு வால்வு ரேடியோ டயலைப் பளபளன்னு துடைத்து, ஸ்டேஷன் பெயர்களை முழுசா அழித்தவன் நான். அதனால் இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன்.

உதிராமலிருக்கப் பின்னால் வார்னிஷ் மாதிரி ஸ்ப்ரே அடிப்பவர்கள் இருக்கிறார்கள். கூடாதென்று சண்டை போடுபவர்களும் இருக்கிறார்கள். அடித்ததைத் திரும்ப எடுக்க முடியாது. போன இடத்தில் புதிதாக வரைவதும் எனக்கு உவப்பில்லை. ஓட்டை ஓட்டையாகவே இருக்கட்டும், மிச்சத்தைக் காப்பாற்றினால் போதும்.

அதற்கு முதல் வேலை பல்பு மாற்றுவது. 44-ஆம் எண் பல்பு 0.25 ஆம்பியர் இழுக்கும். அதே ஹோல்டரில் உட்காரும் 47-ஆம் எண்ணுக்கு 0.15 ஆம்பியர்தான். வெளிச்சம் கொஞ்சம் குறையும். சூடும் குறையும்.