எலுமிச்சையில்லாத எலுமிச்சை உப்பு



அருப்புக்கோட்டை மளிகைக் கடையில் "எலுமிச்சை உப்பு" என்று கேட்டால், சர்க்கரை போன்ற வெண்ணிறத் துகள்களைப் பொட்டலம் கட்டித் தருவர். சர்பத்துக்கும் கலருக்கும் புளிப்பூட்டுவது அது. வேதியியல் நூல்கள் அதனைச் சிட்ரிக் அமிலம் என்னும். பெயரில்தான் எலுமிச்சை உண்டு. வெங்காயத் தோலின்மேல் கரித்தூள் தூவியதுபோல் படிகிறதே ஒரு கறுப்புப் பூஞ்சக்காளான், இன்று அவ்வமிலத்தை ஆக்கித் தருவது அதன் இனமே. ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர் என்பது அதன் பெயர்.

சுவீடன் நாட்டு ஷீலே 1784இல் எலுமிச்சைச் சாற்றிலிருந்து இவ்வமிலத்தைப் படிகமாகப் பிரித்தார். பின்னர் நெடுங்காலம் இத்தாலியின் எலுமிச்சைத் தோட்டங்களே உலகுக்கு இதனை அளித்து வந்தன. 1893இல் ஜெர்மானியரான வேமர், சில பூஞ்சக்காளான்கள் சர்க்கரைக் கரைசலில் இதனை உண்டாக்குவதைக் கண்டார். 1917இல் அமெரிக்கரான ஜேம்ஸ் கரி, புளிப்பு மிகுந்த சர்க்கரைக் கரைசலில் நைஜரை வளர்த்தால் விளைச்சல் பெருகும் என்று காட்டினார். ஃபைசர் கம்பெனி அம்முறையைத் தொழிலாக்கிற்று.

ஓர் உயிர் தன் உணவை அமிலமாக்கி ஏன் வெளியே கொட்டவேண்டும்? இதுதான் பொருளின் உயிர்நாடி. உயிரணு சர்க்கரையைப் படிப்படியாக எரித்து ஆற்றல் பெறுகிறது. அப்படிகளுள் ஒன்று சிட்ரிக் அமிலம். வழக்கமாக அது அங்கே தங்காது, அடுத்த மாற்றத்துக்குச் சென்றுவிடும். ஆனால் சர்க்கரை ஏராளமாகவும், மாங்கனீஸ், இரும்பு போன்ற உலோகங்கள் மிகக் குறைவாகவும் இருந்தால், பூஞ்சக்காளான் உடலை வளர்க்க இயலாமல் திகைக்கிறது. கண்மாய்க்கு வரத்து மிகுந்து மடையும் அடைபட்டிருந்தால், கலுங்கு வழியே மறுகால் பாயுமன்றோ? அவ்வாறே அமிலம் வெளியே வழிகிறது. சோறு நிறைந்த வீட்டில் உப்பில்லாமல் வாடும் நிலை என்றும் சொல்லலாம்.

கணக்கும் சுவையானது. 180 கிராம் குளுக்கோஸ் முழுவதும் மாறுமானால் 192 கிராம் சிட்ரிக் அமிலம் கிடைக்கவேண்டும். கூடுதல் எடை காற்றிலுள்ள ஆக்சிஜன் தந்தது. நடைமுறையில் இந்த அளவு கிட்டாது. ஆயினும் காற்றோட்டம் ஏன் இன்றியமையாதது என்பதை இக்கணக்கே உணர்த்தும்.

இனி நம் கரிசல் காட்டுக்கு வருவோம். அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் வானம் பார்த்த பூமி. பருத்திமாறும் சோளத்தட்டையும் இங்கே குவிந்து கிடக்கின்றன. அவற்றைக் கொண்டு செய்யலாமே என்று என்னிடம் கேட்ட மாணவர் பலர். ஆகாது. அவற்றிலுள்ள சர்க்கரை செல்லுலோஸாக இறுகிப் பூட்டப்பட்டது. நைஜருக்கு எளிதில் உதவுவன மாவுச்சத்தும் கரையும் சர்க்கரையுமே. சேலம் வட்டாரத்தில் ஜவ்வரிசி ஆலைகள் கழிக்கும் மரவள்ளித் திப்பி அத்தகையது. உலர்ந்த திப்பியில் ஏறத்தாழப் பாதி மாவுச்சத்தே. திருவனந்தபுரம் வட்டார ஆராய்ச்சிக்கூடத்தைச் சேர்ந்த அறிஞர்கள், பிரேசில் நாட்டினருடன் கூடி, திப்பியில் நைஜரை வளர்த்துச் சிட்ரிக் அமிலம் கண்டு 2000ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

அம்முறையில் பெரிய தொட்டியும் நீர்க்கரைசலும் இல்லை. திப்பியை நனைத்து, ஆவியில் அவித்து, ஆறவைத்து, பூஞ்சக்காளானின் வித்துக்களைத் தூவி, ஏறத்தாழ 30 டிகிரி வெப்பத்தில் சில நாள் வைத்திருப்பர். ஈரமுண்டு, ஓடும் நீர் இல்லை. குடிநீருக்கே குடங்கள் வரிசையில் நிற்கும் ஊர்களுக்கு இவ்வேறுபாடு சிறிதன்று. பின்னர் அமிலத்தை நீரில் கரைத்தெடுத்து, சுண்ணாம்பு சேர்த்துக் கால்சியம் சிட்ரேட்டாகப் படியவைத்து, கந்தகாமிலத்தால் மீட்பர். ஜிப்சம் எஞ்சும்.

திப்பி சேலத்துப் பொருள். நம் பக்கத்தில் விலையில்லாமல் கிடப்பது சீமைக் கருவேல நெற்று. அதன் இனிப்பை ஆடுகள் அறியும். அதில் சர்க்கரை உண்டு என்பதால் தொழில் தொடங்கிவிடலாம் என்று நான் சொல்லவில்லை. கழிவுப்பொருளில் உலோகங்களும் உண்டு. அவை மிகுந்தால் பூஞ்சக்காளான் கொழுக்குமேயன்றி அமிலம் தராது. மேலும், உலகில் இவ்வமிலத்தை மிகுதியாகச் செய்வது சீனா. அந்நாட்டு விலைக்கு ஈடுகொடுத்தாகவேண்டும். ஆராய்ச்சிக்கு நெற்று தகுதியானது. கடன் வாங்குவதற்கு இன்னும் தகுதியானதன்று.

ஆராய விரும்பும் கல்லூரி மாணவர் வீட்டில் பூத்த பூஞ்சக்காளானை எடுக்கலாகாது. நிலக்கடலையில் படரும் மஞ்சட்பச்சைப் பூஞ்சக்காளான் அஃப்ளடாக்சின் என்னும் கொடிய நஞ்சை உண்டாக்கவல்லது. நைஜரிலும் நஞ்சுதரும் வகைகள் உண்டு. சண்டிகரிலுள்ள நுண்ணுயிர்ச் சேமிப்பகம் போன்ற இடங்களில், தன்மை அறியப்பட்ட வித்தைக் கல்லூரி வழியாகப் பெறவேண்டும். கிடைத்த சாறு புளித்துவிட்டது என்று மகிழ்ந்துவிடவும் கூடாது. நைஜர் ஆக்சாலிக் அமிலத்தையும் தரும். சாற்றை வடிகட்டி, நடுநிலைப்படுத்தி, கால்சியம் குளோரைடு கரைசலை விடுக. குளிர்ந்த நிலையிலேயே வெண்மையாகப் படிவது ஆக்சலேட். அதனை வடித்து நீக்கி, தெளிந்த நீரைக் கொதிக்கவைத்தபின் படிவதே சிட்ரேட். சூட்டில் அதன் கரைதிறன் குறைகிறது.