தன் கையால் அருந்தும் மருந்து

அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள ஓரிகன் மாநிலத்து ஜனங்கள், பிழைக்க வழியில்லாத நோயாளி தாமாகவே விரும்பினால் மரணத்தை விரைவுபடுத்தும் மருந்தை வைத்தியரிடம் கேட்டுப் பெறலாம் என்னும் சட்டத்தை, 1994ஆம் ஆண்டு நேரடி வாக்கெடுப்பில் நூற்றுக்கு 51 என்ற சொற்பப் பெரும்பான்மையால் நிறைவேற்றினார்கள். நீதிமன்றத் தடையால் மூன்றாண்டு கிடப்பிலிருந்த அச்சட்டத்தை ரத்து செய்யலாமா என்று 1997இல் மறுபடி கேட்டபோது, நூற்றுக்கு 60 பேர் கூடாது என்றார்கள். பிற்பாடு மத்திய அரசாங்கம் அந்த மருந்தை எழுதித் தரும் வைத்தியர்களைத் தண்டிக்க முற்பட்டதையும் 2006இல் உச்ச நீதிமன்றம் அனுமதிக்கவில்லை.

நோயாளி 18 வயது நிரம்பியவராக, தெளிந்த சித்தமுடையவராக இருக்கவேண்டும்; ஆறு மாதத்துக்குமேல் உயிர் தங்காது என்று இரண்டு வைத்தியர்கள் சொல்லவேண்டும்; வாய்மொழியாக இருமுறையும், சாட்சிகள் இருவர் முன்னிலையில் எழுத்து மூலமாகவும் விண்ணப்பிக்கவேண்டும்; அச்சாட்சிகளில் ஒருவராவது உறவினரோ சொத்துக்கு வாரிசோ அல்லாதவராக இருக்கவேண்டும். இத்தனை நிபந்தனைகளுக்கும் உயிர்நாடியாக நான் கருதுவது, கடைசிச் செய்கை நோயாளியுடையதாகவே இருக்கவேண்டும் என்னும் விதியைத்தான். பெரும்பாலும் அவரவர் வீட்டில், குடும்பத்தார் சூழ்ந்திருக்க, வாந்தி வராமலிருக்க முன்னதாக ஒரு மருந்தைக் கொடுத்துவிட்டு, மிகவும் கசப்பான பொடியை நீரிலோ பழரசத்திலோ கரைத்துவைக்கிறார்கள். கரைப்பது மகளாக இருக்கலாம், அருந்துவது அவரேதான். அந்தக் கணத்திலும் வேண்டாம் என்று கிண்ணத்தை விலக்கிவிட அவருக்குப் பூரண உரிமை உண்டு.

இம்மருந்தைக் கேட்போர் வலி தாளாமல்தான் கேட்கிறார்கள் என்று நாம் நினைக்கிறோம். ஓரிகன் சுகாதாரத் துறை ஆண்டுதோறும் வெளியிடும் அறிக்கைகளோ வேறு விதமாகச் சொல்கின்றன: சுவாதீனத்தை இழப்பது, வாழ்க்கைக்கு ருசி தந்த காரியங்களைச் செய்ய இயலாமற்போவது, கௌரவம் குன்றுவது ஆகியவையே முதன்மையான காரணங்கள். மருந்துச் சீட்டைப் பெற்றவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் அதை அருந்தாமலே, நோயினாலேயே இறக்கிறார். கைக்கெட்டும் தூரத்தில் அது இருக்கிறது என்ற நினைவே அவர்களில் பலருக்கு ஆறுதலாக இருந்திருக்கும் என்று நான் நம்புகிறேன்.

ஆயினும் இதை எதிர்ப்போரின் அச்சத்தை மதத்தாரின் பிடிவாதம் என்று ஒதுக்கிவிட என் மனம் இடந்தரவில்லை. பிறர் உதவியின்றி எழவும் உண்ணவும் இயலாத மாற்றுத் திறனாளிகள் பலர், தங்கள் அன்றாட நிலையையே பிறர் கௌரவக் குறைவு என்று சொல்லி அதைச் சாவதற்குக் காரணமாக ஏற்பதைக் கேட்டு நடுங்குகிறார்கள். படுக்கையில் விழுந்த முதியவரை எண்ணெய் முழுக்காட்டி, இளநீர் கொடுத்துச் சாகவைக்கும் தலைக்கூத்தல் என்னும் வழக்கம் விருதுநகர்ப் பக்கத்துக் கிராமங்களில் இருந்ததை அறிந்த நமக்கு அந்த நடுக்கம் விளங்காமற்போகாது. அங்கே முதியவரின் சம்மதத்தை யாரும் கேட்பதில்லை. அவர் சும்மா கிடப்பதே சம்மதம் என்று வீட்டார் முடிவுகட்டிவிடுகிறார்கள்.

தன் கையால் அருந்தவேண்டும் என்ற விதி இந்த அபாயத்துக்குப் பெரிய அணை. ஆனால் நரம்பு நோயால் கை விழுந்து, விழுங்கும் சக்தியும் போனவருக்கு அதே விதி கதவடைத்துவிடுகிறது. கனடா அவர்களையும் உத்தேசித்து, 2016ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே வைத்தியர் ஊசி மூலம் உயிரை முடிக்க அனுமதித்தது. 2021இல், மரணம் அண்மையில் இல்லாதவர்களுக்கும் அவ்வழியைத் திறந்தது. முதல் மாற்றத்தில் நியாயம் இருக்கிறது. இரண்டாவதை என்னால் ஏற்க இயலவில்லை. பல்லாண்டு வாழக்கூடிய ஒருவர், வீட்டில் உதவிக்கு ஆளும் குடியிருக்கத் தகுந்த இடமும் கிடைக்காமையால் சாவைக் கேட்கிறாரா என்பதை, அவர் நோயை மட்டும் பரிசோதித்துக் கண்டுபிடித்துவிட முடியாது. மனநோய் ஒன்றே காரணமாக உள்ளவர்களுக்கும் இவ்வனுமதியை நீட்டிப்பதை 2027 மார்ச் வரை கனடா ஒத்திவைத்திருக்கிறது. அதற்குள் அவர்களுக்கு வேண்டிய சிகிச்சையும் வீட்டு உதவியும் போதிய அளவு கிடைக்கும்படி செய்வதுதான் அவ்வரசாங்கத்தின் முதற்கடமை.